ஜாக்கி ஓரிடம், ஸ்டாண்டு ஓரிடம்: கையேடு காட்டுவதோ நான்கே இடம், எப்படி?

புது ஸ்பேனர்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது சின்ன ஹேட்ச்பேக். முன்சக்கர இழுவை, மேனுவல் கியர், கையேட்டில் போட்டிருக்கும் எடை 1,050 கிலோ. பிரேக் பேடு மாற்றுவது, எஞ்சின் ஆயில் மாற்றுவது, டயர்களை முன்பின் மாற்றிப் போடுவது, இதையெல்லாம் இனி வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று இறங்கியிருக்கிறேன். எஞ்சினைக் கழற்றி இறக்கும் அளவுக்கு ஆசை இல்லை.

இப்போது கையில் இருப்பது காரோடு வந்த கத்தரி ஜாக்கி மட்டும்தான். ஸ்டெப்னி மாற்றும்போது பார்த்தேன், திருகத் திருகக் கார் மேலே போகிறது, கூடவே பக்கவாட்டில் லேசாக ஆடுகிறது. டயரைக் கழற்றும் வரைக்கும் சரி. அந்த நிலையில் அடியில் தலையை விட மனசு வரவில்லை. அதனால் ஒழுங்கான ஜாக்கியும், தூக்கிய காரைத் தாங்கி நிறுத்தும் ஸ்டாண்டும் வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தேன், தேடத் தேடக் குழப்பம்தான் கூடுகிறது.

கார் ஒரு டன்தான். அப்படியிருக்க 2 டன் ஜாக்கி போதாதா, எதற்கு எல்லோரும் 3 டன் என்கிறார்கள்? பாட்டில் ஜாக்கி அடக்கமாக இருக்கிறதே, அதை வாங்கினால் என்ன? ஸ்டாண்டில் பல் வைத்த ராட்செட் வகை நல்லதா, துளையில் பின் செருகும் வகை நல்லதா?

இதையெல்லாம் விட எனக்குப் பிடிபடாதது ஒன்று உண்டு. "ஜாக்கியால் தூக்கு, ஸ்டாண்டில் இறக்கு" என்று எல்லோரும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். என் கையேட்டில் தூக்குமிடம் என்று காட்டியிருப்பது பக்கத்துக்கு இரண்டு, ஆக நான்கே நான்கு. கதவுக்கு அடியில் ஓடும் தகட்டு விளிம்பில், இரண்டு சின்ன வெட்டுகளுக்கு நடுவே உள்ள இடம். அங்கே ஜாக்கி நின்றுவிட்டால் ஸ்டாண்டை எங்கே வைப்பது?

நண்பர் ஒருவர் ஸ்டாண்டே வேண்டாம், ஹாலோ பிளாக் இரண்டை அடுக்கி வை, போதும் என்கிறார். அதையும் கொஞ்சம் சொல்லுங்கள்.

கிரீஸ் கை:

நண்பரின் யோசனையை முதலில் ஓரங்கட்டுவோம். ஹாலோ பிளாக் சுவருக்குள் இருக்கும்போது எடை அதன் மேல்பரப்பு முழுக்கப் பரவி இறங்குகிறது. காரின் விளிம்பு அப்படி இறங்காது, ஒரே கோட்டில் அழுத்தும். உள்ளே வெற்றிடம், சுற்றிலும் மெல்லிய சிமெண்ட். உடையப்போகிறேன் என்று அது முன்கூட்டிச் சொல்லாது, உடைந்த பிறகுதான் சத்தமே வரும். செங்கல்லும் அதே சாதிதான். கனமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினால்கூடத் தேவலை. மரம் நசுங்கும், முனகும், விலகிக்கொள்ள நேரம் கொடுக்கும்.

இனி உங்கள் பெரிய கேள்வி. ஜாக்கி வாங்குவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வியே இதுதான், பெரும்பாலானவர்களுக்கு வாங்கிய பிறகுதான் தோன்றும்.

அந்த நான்கு இடங்களையும் ஸ்டாண்டுக்கு விட்டுவிடுங்கள், ஜாக்கிக்கு வேறு இடம் பாருங்கள். முன்பக்கம் எஞ்சின் உள்ள பெரும்பாலான கார்களில், இரண்டு முன்சக்கரங்களுக்கும் இடையில், எஞ்சினுக்குக் கீழே கனமான குறுக்குச் சட்டம் ஒன்று ஓடும். சப்ஃபிரேம் என்பார்கள். அதன் நடுவில் ஜாக்கியைக் கொடுத்தால் இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக எழும்பும். இரண்டு பக்க விளிம்புக்கும் அடியில் ஸ்டாண்டை நுழைத்து, மெதுவாக இறக்கிவிடலாம்.

உங்கள் மாடலில் அந்தச் சட்டத்தை எந்த இடத்தில் தூக்கலாம் என்று காரோடு வந்த கையேட்டில் பெரும்பாலும் இருக்காது. பட்டறைக் கையேட்டில் படத்தோடு இருக்கும். அதைப் பார்க்காமல், கனமாகத் தெரிகிறதே என்று கண்டதற்கும் முட்டுக் கொடுக்காதீர்கள். எஞ்சின் ஆயில் தங்கும் அடித்தொட்டியான ஆயில் சம்ப்பும் கியர்பாக்ஸ் உறையும் கனமாகத்தான் தெரியும். தகடாக இருந்தால் உள்ளே ஒடுங்கும், அலுமினியமாக இருந்தால் விரிசல் விடும்.

பின்பக்கம் கொஞ்சம் இடக்கு. சின்ன கார்களில் பின்னால் இருப்பது பெரும்பாலும் டார்ஷன் பீம், இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் குறுக்குத் தண்டு. சில கம்பெனிகள் அதன் நடுவில் தூக்கலாம் என்கின்றன, சில கூடவே கூடாது என்கின்றன. கூடாது என்றால் ஒவ்வொரு மூலையாகத்தான் போகவேண்டும். விளிம்பில் ஜாக்கியைக் கொடுத்துத் தூக்கி, பீம் உடலோடு சேரும் போல்ட்டைச் சுற்றியுள்ள கெட்டியான பகுதியில் ஸ்டாண்டை வைப்பார்கள். அதையும் பட்டறைக் கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஜாக்கி. நடுச்சட்டம் வரை எட்டவேண்டும் என்றாலே பாட்டில் ஜாக்கி கழன்றுகொள்ளும். அதன் குறைந்தபட்ச உயரமே பொதுவாக 18, 20 செ.மீ. இருக்கும். சின்ன காருக்கு அடியில் நுழையாது, நுழைந்தாலும் தூக்க மிச்ச இடம் இருக்காது. தலை சிறிது, அடித்தட்டும் சிறிது. லாரிக்கும் உயரமான ஜீப்புக்கும் அது சரி. உங்களுக்கு ட்ராலி ஜாக்கிதான், சக்கரத்தில் உருண்டு அடியில் போகும் நீளமான வகை.

எந்த ட்ராலி ஜாக்கி என்பதை டன் முடிவு செய்வதில்லை, டேப்தான் முடிவு செய்யும். கடைக்குப் போகும் முன் தரையில் படுத்து மூன்று அளவு எடுங்கள்: பம்பரின் அடி உதடு தரையிலிருந்து எவ்வளவு உயரம், குறுக்குச் சட்டம் எவ்வளவு உயரம், பம்பர் நுனியிலிருந்து சட்டம் எவ்வளவு உள்ளே. என் காரில் முதலாவது 17, இரண்டாவது 18, மூன்றாவது 62 செ.மீ. சின்ன 2 டன் ஜாக்கிகள் பலவற்றின் உடல் நீளம் இதற்கு எட்டாது. எட்டினாலும் கைப்பிடி பம்பரில் முட்டும், அரை அரை வீச்சாகத்தான் அடிக்கமுடியும்.

அடுத்தது உயரக் கணக்கு. இதைக் கவனிக்காமல் வாங்கினால் ஸ்டாண்டு நுழையாது. 3 டன் ஸ்டாண்டை முழுக்க இறக்கினாலும் 28, 30 செ.மீ. இருக்கும். விளிம்பு தரையிலிருந்து 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 28 செ.மீ. ஸ்டாண்டை நுழைக்க விளிம்பு 30க்கு வரவேண்டும், அதாவது 10 செ.மீ. எழும்பவேண்டும். ஆனால் நீங்கள் தூக்குவது முன்சட்டத்தை. கார் பின்சக்கரத்தை அச்சாகக் கொண்டு சாய்வதால், முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் விளிம்பு சட்டத்தை விடக் குறைவாகத்தான் எழும்பும். முன்பின் சக்கரங்களுக்கு இடையே 240 செ.மீ., விளிம்பில் உள்ள இடம் சட்டத்துக்கு 50 செ.மீ. பின்னால் என்றால், விளிம்பு 10 எழும்ப சட்டம் கிட்டத்தட்ட 13 எழும்பவேண்டும். 18ல் இருந்த சட்டம் 31க்குப் போகவேண்டும். சின்ன ஜாக்கிகளில் 33 செ.மீ. அளவோடு நின்றுவிடுவது நிறைய. ஏதோ ஒப்பேறும், அவ்வளவுதான்.

உங்கள் காரில் முன்பக்கம் விழும் எடை மொத்தத்தில் சுமார் 60 சதவீதம், அதாவது 630 கிலோ பக்கம். பலத்துக்கு 2 டன் தாராளம். 3 டன் வாங்கு என்பதற்குக் காரணம் அதோடு கிடைக்கும் நீளமான உடல், அகலமான சக்கரம், 45, 50 செ.மீ. உயரம். அதற்குக் கூலியாக 30 கிலோவுக்கு மேல் இரும்பை இழுக்கவேண்டும். அலுமினியம் கலந்தது எடை குறைவு, சேமித்து வைக்கவும் சுலபம், ஆனால் எடையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உயரம் எட்டுகிறதா என்று பாருங்கள். குறைந்தபட்ச உயரம் 10 செ.மீ.க்குள் இருக்கிற தாழ்ந்த வகை உங்கள் மாதிரி காருக்குச் சௌகரியம்.

ஜாக்கி நுழையவே உயரம் போதவில்லை என்றால், 4 செ.மீ. கனமுள்ள அகலமான பலகை இரண்டின் மேல் முன்சக்கரங்களை ஏற்றி நிறுத்திக்கொண்டு ஆரம்பியுங்கள்.

ஸ்டெப்னி:

ஒரு மாற்றுக் கருத்து. நான் வருஷக்கணக்காகக் காரோடு வந்த ஜாக்கியில்தான் பிரேக் பேடு மாற்றுகிறேன். கவனமாக இருந்தால் ஒன்றும் ஆகாது. பேடு மாற்ற அடியில் படுக்கவே தேவையில்லை, கை மட்டும்தான் உள்ளே போகிறது. இதற்குப் போய் 30 கிலோ ஜாக்கியா?

கிரீஸ் கை:

அந்த ஜாக்கியின் மேலேயே ஒரு படம் ஒட்டியிருக்கும். காருக்கு அடியில் மனிதன், மேலே குறுக்குக் கோடு. செய்தவனே சொல்கிறான், நான் என்ன சொல்ல.

கை மட்டும்தான் என்கிறீர்கள். பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரின் போல்ட் இறுகியிருந்தால் நீளமான ஸ்பேனரைப் போட்டுப் பக்கவாட்டில்தான் இழுப்பீர்கள். கத்தரி ஜாக்கிக்குப் பிடிக்காத ஒரே திசை அதுதான். கீழே உள்ளங்கை அகலத் தகடு, மேலே விரல் அகலப் பிடி, நடுவில் ஒரே ஒரு திருகு. மேலிருந்து வரும் எடையை மட்டும் தாங்கச் செய்தது. விழும்போது காரின் எடை டிஸ்க் மேல்தான் இறங்கும், அந்த நேரம் உங்கள் விரல்கள் இருக்கிற இடமும் அதுதான்.

ஸ்டெப்னி மாற்ற அது போதும். நானும் டிக்கியில் வைத்திருக்கிறேன்.

மூன்றாம் கியர்:

ஸ்டாண்டு பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

ராட்செட் வகையில் நடுத்தண்டில் பல் இருக்கும், உடலுக்குள் இருந்து ஒரு நாக்கு அந்தப் பல்லில் விழுந்து பிடிக்கும். உயர்த்துவது சுலபம், தண்டை மேலே இழுத்தால் போதும். அந்த நாக்கு பல்லுக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2020ல் அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரெய்ட் நிறுவனம் பிட்ஸ்பர்க் என்ற பெயரில் விற்ற 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளைத் திரும்ப வாங்கியது நினைவிருக்கலாம். கிட்டத்தட்ட 17 லட்சம் ஸ்டாண்டு. காரணம் இதேதான்: தயாரிப்பு அச்சுகள் தேய்ந்துபோனதால் நாக்கு பல்லில் ஒரே சீராக விழவில்லை. எடை ஏறிய நிலையில் அசைந்தால் வழுக்கி இறங்கிவிடும் ஆபத்து. அதற்குப் பதிலாகக் கொடுத்த ஸ்டாண்டுகளிலும் ஒரு பகுதியை அதே ஆண்டே வெல்டிங் குறைக்காகத் திரும்பப் பெற வேண்டிவந்தது. கம்பெனிப் பெயரைப் பார்த்துப் பயப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை, எதைப் பார்த்து வாங்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பின் வகையில் நாக்கும் இல்லை, பல்லும் இல்லை. தண்டில் துளை, உடலில் துளை, குறுக்கே தடித்த இரும்புப் பின். பின் முழுதாகக் குறுக்கே போயிருக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். உயரம்தான் துளைக்குத் துளை எகிறும், நடுவில் வேண்டும் என்றால் கிடையாது. ராட்செட்டோடு கூடவே பாதுகாப்புப் பின்னும் உள்ளது கிடைத்தால் என் ஓட்டு அதற்கு.

கடையில் கையில் எடுத்ததும் தண்டை மூன்று நான்கு இடங்களில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் உள்ளங்கையால் கீழே ஓங்கித் தட்டிப் பாருங்கள். டக் என்று ஒரே சத்தம் வந்து நிற்கவேண்டும். கொரகொர என்று கொஞ்சம் நழுவி அப்புறம் நின்றால் வைத்துவிட்டு வாருங்கள். திருப்பிப் போட்டு வெல்டிங்கைப் பாருங்கள். காலும் உடலும் சேரும் இடத்தில் கோடு தொடர்ச்சியாக ஓடுகிறதா, நடுநடுவே பொட்டு வைத்த மாதிரி விட்டுவிட்டு இருக்கிறதா? பெயிண்ட் கனமாக அப்பியிருந்தால் அடியில் எதையோ மறைக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும். தண்டை முழு உயரத்துக்கு இழுத்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆடும், அது சகஜம். இரண்டு ஸ்டாண்டும் ஒரே அளவு ஆடவேண்டும்.

பெட்டியில் 3 டன் என்று போட்டிருந்தால் அது ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று படியுங்கள். ஜோடிக்கு என்றால் ஒன்றுக்கு ஒன்றரை. உங்கள் காருக்கு அதுவும் போதும், ஆனால் எது என்று தெரிந்து வைத்திருங்கள். தரக்குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்காவில் ஏ.எஸ்.எம்.இ. பால்டு, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் ஸ்டாண்டுக்கு 2538, ட்ராலி ஜாக்கிக்கு 2615, ஐரோப்பாவில் ஜாக்கிக்கு இ.என். 1494. மேலே சொன்ன தட்டும் சோதனையைக் குறி இருந்தாலும் விடாதீர்கள்.

பெரியது பலமாக இருக்கும் என்று 6 டன் ஸ்டாண்டு வாங்கிவிடாதீர்கள். அதன் குறைந்த உயரமே 38 செ.மீ. பக்கம் வரும். கிரீஸ் கை போட்ட கணக்கில் பார்த்தால் சின்ன ஜாக்கி அவ்வளவு தூக்கவே தூக்காது.

அப்புறம் விளிம்பு. ஸ்டாண்டின் தலை நிலாப்பிறை மாதிரி வளைந்திருந்தால் காரின் தகட்டு விளிம்பு அதன் நடுவில் தனியாக உட்கார்ந்து மடங்கிவிடும். நடுவில் வெட்டு வைத்த ரப்பர் கட்டை கிடைக்கிறது. விளிம்பு வெட்டுக்குள் போய்விடும், எடை விளிம்பின் இரு பக்கமும் உள்ள தட்டையான பகுதியில் உட்காரும். ரப்பர் ஸ்டாண்டின் தலைக்குப் பொருந்துகிற வடிவமாக இருக்கவேண்டும், மேலே சும்மா வைத்தால் உருண்டுவிடும்.

புது ஸ்பேனர்:

அளந்துவிட்டேன். பம்பர் உதடு 16, சட்டம் 17, பம்பரிலிருந்து உள்ளே 58, விளிம்பு 19. பட்டறைக் கையேடும் கிடைத்தது. முன்சட்டத்தின் நடுவில் சின்னதாக ஒரு புடைப்பு, அதுதான் தூக்குமிடம் என்று போட்டிருக்கிறது. பின் பீமை நடுவில் தொடாதே என்றும் போட்டிருக்கிறது.

இன்னொரு சிக்கல். கார் நிற்கும் இடம் வெளிப்பக்கம் நோக்கி லேசாகச் சரிகிறது. தரை சிமெண்ட் கல் பதித்தது, கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் மண். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரிலும் விட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்தால் போதுமா?

கிரீஸ் கை:

சரிவில் தூக்கவேண்டாம். எவ்வளவு லேசு என்று என்னால் இங்கிருந்து சொல்லமுடியாது, ஒரு கோலியைத் தரையில் வையுங்கள், தானாக உருண்டால் அது சரிவுதான். சமதளம் உள்ள வேறு இடத்துக்குக் காரைக் கொண்டு போங்கள்.

ஹேண்ட் பிரேக், கியர், கட்டை, மூன்றையும் நீங்கள் ஒன்றாகச் சொல்கிறீர்கள். மூன்றும் பிடிப்பது வேறு வேறு சக்கரத்தை. ஹேண்ட் பிரேக் பெரும்பாலான கார்களில் பின்சக்கரத்தை மட்டும் பிடிக்கும். பின்பக்கத்தை முழுக்கத் தூக்கிவிட்டால் அது காற்றில் உள்ள சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், அதனால் ஒரு பயனும் இல்லை. உங்கள் காரில் கியர் பிடிப்பது முன்சக்கரத்தை. முன்பக்கத்தைத் தூக்கினால் அதுவும் பயனில்லை. இன்னொன்று பலருக்குத் தெரியாது: ஒரு முன்சக்கரத்தை மட்டும் தூக்கினாலே கியர் கைவிட்டுவிடும். இரண்டு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரென்ஷியல் நடுவில் இருப்பதால், தரையில் உள்ள சக்கரம் ஒரு பக்கம் உருள, தூக்கிய சக்கரம் எதிர்ப்பக்கம் சுழலும். ஆட்டோமேட்டிக்கில் பி-யில் விட்டாலும் இதே கதைதான்.

அதனால் தரையில் மிச்சமிருக்கும் சக்கரத்தை முன்னும் பின்னும் கட்டை போட்டு அடைக்கவேண்டும். வழியில் கிடந்த கல் வேண்டாம், கல் உருளும். டயரின் வளைவுக்குப் பொருந்துகிற ஆப்பு வடிவ ரப்பர் கட்டை நல்லது, மரத்தில் அறுத்துக்கொண்டாலும் சரி. முன்பக்கம் தூக்கினால் பின்சக்கரத்துக்கு, பின்பக்கம் தூக்கினால் முன்சக்கரத்துக்கு.

கல் பதித்த தரையில் இரண்டு தொல்லை. ஒன்று, ட்ராலி ஜாக்கியின் கை நேராக மேலே போகாது, வில்லாக வளைந்து போகும். அதை ஈடுகட்ட ஜாக்கி தன் சக்கரத்தில் காருக்கு அடியில் கொஞ்சம் உருளவேண்டும். கற்களுக்கு இடையில் சக்கரம் மாட்டிக்கொண்டால் ஜாக்கி உருளாது, தலை காரைத் தன் பக்கம் இழுக்கும், அல்லது தூக்குமிடத்தை விட்டு வழுக்கும். தூக்கும்போது ஒவ்வொரு நாலைந்து அடிக்கும் குனிந்து தலை அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஜாக்கியின் சக்கரத்துக்குக் கீழே தடை வைத்து நிறுத்துவது நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு, அதைச் செய்யாதீர்கள்.

இன்னொன்று, ஸ்டாண்டின் கால். நான்கு சின்னப் பாதங்கள், ஒரு பாதம் கல் இடுக்கில் மண்ணில் நின்றால் அது மட்டும் இறங்கி ஸ்டாண்டு சாயும். ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் அடியில் 18 மி.மீ. பிளைவுட் துண்டு, பாதங்களை விட எல்லாப் பக்கமும் அகலமாக. வெயிலில் இளகும் தார்த் தரையிலும் இதேதான். ஜாக்கிக்கு அடியில் பலகை போடுவதாக இருந்தால் அது உருளும் தூரத்தையும் சேர்த்து நீளமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பலகை விளிம்பிலிருந்து சக்கரம் இறங்கிவிடும்.

மின்னோட்டம்:

இதைப் படிக்கும் மின்சாரக் கார்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கார்களில் தரை முழுக்க பேட்டரிதான். விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே ஜாக்கி நழுவினால் அழுந்துவது பேட்டரிப் பெட்டி. கம்பெனி குறிப்பிட்ட நான்கு இடத்தைத் தவிர வேறு எங்கும் தொடாதீர்கள், சில மாடல்களில் அந்த இடத்தில் துளை இருக்கும், அதற்கென்றே ரப்பர் குமிழ் விற்கிறார்கள். நடுச்சட்டம் என்ற பேச்சே பலவற்றில் எடுபடாது. ஆகவே ஜாக்கியும் ஸ்டாண்டும் ஒரே இடத்துக்குச் சண்டை போடுவது நமக்குத்தான் அதிகம். தூக்குமிடத்தைத் தலை பிடித்துக்கொண்டிருக்க, அதைச் சுற்றியே தாங்கியை நுழைத்துப் பூட்டும்படி ஜாக்கியும் ஸ்டாண்டும் ஒன்றாக அமைந்த கருவிகள் உண்டு, அவை இங்கே உதவும். எடையும் 2 டன் பக்கம் வந்துவிடுகிறது, பழைய ஜாக்கியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். காற்று சஸ்பென்ஷன் உள்ள கார்களில் கார் தானாக உயரத்தைச் சரிசெய்யப் பார்க்கும். டெஸ்லாவின் எஸ், எக்ஸ் மாடல்களில் அதை நிறுத்த ஜாக் மோட் என்றே திரையில் ஒன்று உண்டு.

ஸ்டெப்னி:

ஆயில் மாற்ற மட்டும் என்றால் சரிவுப் பலகை வாங்கிவிட்டால் ஜாக்கியே வேண்டாமே? இதையாவது ஒத்துக்கொள்வீர்களா?

கிரீஸ் கை:

ஒத்துக்கொள்கிறேன். ஆயிலுக்கு ராம்ப் ஜாக்கியை விட நல்லது, சக்கரம் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. ஏற்றும்போது வெளியே ஒருவர் பார்த்துச் சொல்லவேண்டும், அவர் காருக்கு நேர் முன்னால் நிற்கக்கூடாது. வழவழப்பான தரையில் ராம்ப் முன்னால் தள்ளிக்கொண்டே போகும், அடியில் ரப்பர் விரிப்புப் போடுங்கள். சக்கரம் கழற்ற அது உதவாது, பேடு மாற்ற ஸ்டாண்டு வேண்டியதுதான்.

புது ஸ்பேனர்:

தாழ்ந்த வகை 3 டன் ட்ராலி ஜாக்கி, 8 முதல் 50 செ.மீ. வரை. ஸ்டாண்டு ராட்செட்டும் பின்னும் சேர்ந்தது, குறைந்த உயரம் 28. தட்டும் சோதனையில் முதல் ஜோடி தேறவில்லை, கடைக்காரர் முகம் சுளித்தபடி இன்னொரு ஜோடி எடுத்துக் கொடுத்தார். சமதளமான சிமெண்ட் தரைக்கும் ஏற்பாடு ஆகிவிட்டது. ஜாக்கியை அடித்துப் பார்த்தால் முதல் சில அடிக்குத் தலை எழும்பவே இல்லை, பஞ்சு மாதிரி அமுங்குகிறது. பழுதா?

மூன்றாம் கியர்:

எண்ணெய்க்குள் காற்று புகுந்திருக்கும். பெட்டியில் படுக்க வைத்து வந்தால் இப்படி ஆகும். எடை ஏதும் இல்லாமல், இறக்கும் வால்வைத் திறந்துவைத்து முழு வீச்சில் பத்துப் பதினைந்து முறை அடியுங்கள், பிறகு மூடிவிட்டுத் தூக்கிப் பாருங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் எண்ணெய் அளவைப் பாருங்கள். ஊற்றவேண்டி வந்தால் ஹைட்ராலிக் ஜாக்கி எண்ணெய் மட்டும். பிரேக் ஆயிலும் ஹைட்ராலிக் தானே என்று ஊற்றிவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். வேலை முடிந்து எடுத்து வைக்கும்போது ஜாக்கியின் கையை முழுக்க இறக்கி வையுங்கள்.

கிரீஸ் கை:

சரியாகிவிட்டால் உடனே பேடு மாற்றக் கிளம்பாதீர்கள், முதலில் வெறுமனே ஒருமுறை தூக்கி இறக்குங்கள். கட்டை போட்டு, கார் தரையில் நிற்கும்போதே வீல் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, சட்டத்தின் புடைப்பில் தலையை வைத்துத் தூக்குங்கள். விளிம்பு ஏறிய பிறகு, ஸ்டாண்டை வைக்கும் முன், கால் மணி நேரம் அப்படியே விட்டு டேப்பால் அளந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவு இறங்கியிருந்தால் உள்ளே சீலோ வால்வோ கசிகிறது, ஜாக்கியைத் திருப்பிக் கொடுங்கள். அந்தக் கால் மணி நேரம் யாரும் அடியில் போகக்கூடாது, காருக்குள்ளும் யாரும் வேண்டாம்.

இறங்கவில்லை என்றால் இரண்டு ஸ்டாண்டையும் ஒரே பல்லில் நிறுத்தி, பின்னைச் செருகி, வால்வை நூல் அளவு திறந்து இறக்குங்கள். எடை முழுதும் ஸ்டாண்டுக்கு வந்ததும் ஜாக்கியை அங்கேயே சட்டத்தைத் தொட்டும் தொடாமலும் நிறுத்திவையுங்கள். கழற்றிய சக்கரத்தை விளிம்புக்கு அடியில் படுக்க வையுங்கள். இப்போது காரின் மூலையில் இடுப்பைக் கொடுத்து நன்றாகத் தள்ளுங்கள். ஸ்பேனரால் நீங்கள் இழுக்கப்போவதை விடப் பலமாக. பாதம் தரையை விட்டு எழும்பினாலோ, தலை விளிம்பிலிருந்து விலகினாலோ, இறக்கிவிட்டு மறுபடி வையுங்கள். மறுபடி இறக்கும்போது, சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான் நட்டைக் கையேட்டில் சொன்ன டார்க்குக்கு முறுக்கவேண்டும், குறுக்கு நெடுக்காக.